கல்பூச்சி எடுத்த தண்டால்

ஒரு பூச்சி தண்டால் எடுத்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அதுவும் எங்கே? ஸ்ரீரங்கத்தில், என் வீட்டுச் சமையலறைத் தரையில், கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கிற மே மாதத்தில். இதைச் சொன்னபோது கல்லூரியில் என்னோடு வேலை பார்க்கிறவர்களே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். விலங்கியல் நடத்துகிறவள் என்ற முறையில் புலி, யானை, திமிங்கலம் என்று எல்லாவற்றுக்கும் பாடம் எடுத்திருக்கிறேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது இந்த விரல்நக அளவுப் பூச்சியைப் பார்த்துத்தான்.

கல்பூச்சி என்பது நானாக வைத்துக்கொண்ட பெயர். ஆங்கிலத்திலும் கல்லைச் சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். மலை ஓடையில், கால் வைத்தால் எலும்பு வரைக்கும் சில்லிடுகிற தண்ணீரில், கல்லுக்கு அடியில் இதன் குடித்தனம். இறக்கை முளைத்து வெளியே பறப்பதெல்லாம் கடைசியில் கொஞ்ச நாள் கூத்து. அதுவரை மாதக்கணக்காக, சில வகைகளில் வருஷக்கணக்காக, தண்ணீருக்குள்ளேயே வளரும். அவ்வப்போது பாம்பு மாதிரி சட்டை உரித்து, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பெரிதாகும். தட்டை உடம்பு, பின்னால் நூல் போல இரண்டு வால், ஒவ்வொரு காலிலும் இரண்டு கொக்கி நகம். கால்கள் முளைக்கும் இடத்தில், அக்குள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பஞ்சு பஞ்சாக வெள்ளைச் செவுள்.

தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். அதே நேரம் பூச்சியின் உடம்பு வேகமெடுத்து ஆக்சிஜனைக் கூடுதலாகக் கேட்கும். வீட்டில் அரிசி குறைந்த அன்றைக்குத்தான் எல்லாருக்கும் பசி கூடுகிற மாதிரி. அப்போது இந்தப் பூச்சி என்ன செய்யும் தெரியுமா? நகங்களால் கல்லைக் கவ்விக்கொண்டு உடம்பை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கித் தண்டால் எடுக்கும். அந்த அசைவில் நின்றுபோன தண்ணீர் நகர்ந்து செவுள்மேல் ஓடும். ஓடை ஓடவில்லையா, சரி, நானே ஓட்டிக்கொள்கிறேன் என்கிற திமிர். எனக்கு அந்தத் திமிர் ரொம்பப் பிடிக்கும்.

இந்தப் பூச்சிகள் என் வீட்டுக்கு வந்தது அக்காவோடு. அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். பிறந்ததென்னவோ இதே ஸ்ரீரங்கத்தில்தான். நர்ஸ் படிப்பு முடித்துக் கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். போனவள் போனவள்தான். கல்யாணம் வேண்டாம் என்றாள், வீட்டில் அழுது பார்த்தார்கள், அசையவில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அங்கேயே ஒரு வாடகை வீடு. பின்கதவைத் திறந்தால் ஓடை. லீவுக்குப் போகும்போதெல்லாம் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த ஓடையில் கல்லைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அக்கா கரையில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பாள்.

போன மார்கழியில் பாசி படிந்த படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பால்காரர் வரும்வரை விழுந்த இடத்திலேயே கிடந்திருக்கிறாள். போனில் இதைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என் கணவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. மகள் ஓசூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். நானும் தனி, அவளும் தனி. எதற்கு இந்த இரண்டு தனி? கட்டுப் பிரித்ததும் அக்காவை அழைத்து வந்துவிடுவது என்று முடிவு செய்தேன். வயசு, படிக்கட்டு, பாதுகாப்பு என்று அவளிடம் ஆயிரம் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் ஒன்றுதான். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து வெறும் வீட்டுக்குள் நுழைய எனக்கு அலுத்துவிட்டது. அக்கா என்னோடு இருக்க வேண்டும்.

"வரேன்டி. ஒத்துக்கலைன்னா போயிடுவேன்" என்றாள்.

"ஒத்துக்கும், ஒத்துக்கும். நீ பொறந்த ஊருதானே?" என்றேன்.

கிளம்புகிற அன்று காலையில் கடைசியாக ஒரு தடவை ஓடையில் இறங்கிக் கல்பூச்சிகளைப் பிடித்து, பாசியும் கூழாங்கல்லுமாக ஐஸ் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். குளிரிலேயே வாழ்ந்த இந்த உயிருக்கு எவ்வளவு சூடு தாங்கும் என்று பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. தண்ணீரை மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். எந்தச் சூட்டில் பூச்சி கல்மேல் வைத்திருக்கும் பிடியை விடுகிறதோ, அதுதான் அதன் எல்லை. விட்ட உடனே எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் எழுந்து நடக்கும். அதைக் கொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் ஏற்பாடு தடபுடலாக இருந்தது. பூக்கடையில் கழித்துப்போட்ட கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்றைப் பிடித்து வந்து கூடத்தில் நிறுத்தினேன். பதினாறு டிகிரியிலேயே நிற்கும்படி அதற்கு ஒரு கருவி. மேல்தட்டில் பெரிய தொட்டி, கீழ்த்தட்டில் சின்னத் தொட்டி. இரண்டிலும் காற்றுக்கு, மீன் தொட்டியில் குமிழி விடுகிற மோட்டார். தீனிக்கு வண்ணமீன் கடையில் விற்கிற சிவப்புப் புழு. அக்காவின் அறைக்கு ஏசி. பூச்சிக்கும் அக்காவுக்கும் சேர்த்து வீட்டுக்குள் ஒரு கொடைக்கானலையே கட்டி முடித்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

பங்குனி பிறந்ததும் ஸ்ரீரங்கம் தன் வேலையைக் காட்டியது. காவிரி வெறும் மணல். குழாயைத் திறந்தால் வெந்நீர். அக்கா காலையில் அறையை விட்டு வெளியே வருவாள், பத்து மணிக்கு முகம் சிவந்து மறுபடி ஏசிக்குள் போய்விடுவாள். எதிர் ஃப்ளாட் மாமி, கோயிலே கதியென்று இருக்கிறவர், தினமும் பிரசாதத்தோடு வந்து ஆறுதல் சொல்வார். "ரெண்டு கோடை போனாப் பழகிடும், கவலைப்படாதீங்கோ." எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். மருந்துக் கடைக்காரர் சொன்னார், என் மகள் போனில் சொன்னாள், நான் மணிக்கு ஒரு தரம் சொன்னேன்.

கோயிலில் கோடைத் திருநாள் தொடங்கியது. வெயிலுக்கு இதமாகப் பெருமாளுக்குப் பூவும் சந்தனமுமாக உபசாரம் நடக்கும். மாமி அந்தச் சந்தனத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதை நெற்றியில் இட்டுக்கொண்டு சொன்னாள்: "பெருமாள் எத்தனை யுகமா இந்த ஊர்ல இருக்கார். அவருக்கே இன்னும் பழகலை, சந்தனம் பூச வேண்டியிருக்கு. எனக்கு ரெண்டு வருஷத்துல பழகிடுமாக்கும்." மாமி சிரித்த சிரிப்பில் பிரசாதத் தூக்கு ஆடியது.

ஒரு நாள் மத்தியானம் தலைவலி என்று சீக்கிரமே வீடு திரும்பினேன். கீழ்த்தட்டில் இருக்க வேண்டிய சின்னத் தொட்டி சமையலறைத் தரையில், ஈரச் சாக்கின்மேல் இருந்தது. பக்கத்தில் அக்கா, காலை நீட்டிக்கொண்டு பூச்சியை வேடிக்கை பார்த்தபடி.

"என்னக்கா பண்ற?"

"வெளிய எடுத்து வெச்சேன். தினமும் கொஞ்ச நேரம் வெப்பேன்."

"தினமுமா!"

"ஓடையில மட்டும் மத்தியானம் வெயில் விழாதா? தண்ணி லேசா வெதுவெதுங்கும், அப்புறம் ஆறும். நீ என்னடி எந்நேரமும் ஒரே குளிர்ல போட்டு வெச்சிருக்க? மார்ச்சுவரி மாதிரி இருக்கு."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இரண்டு தொட்டியையும் ஒரே மாதிரி வைத்திருந்தால்தான் என் கணக்கு நிற்கும். இவள் பாட்டுக்கு எடுத்து எடுத்து வெளியே வைத்தால் அது ஆராய்ச்சியா, அப்பளம் காயப்போடுகிற வேலையா? கத்தினேன். "இந்தத் தொட்டி இனிமே எனக்கு ஆகாது. நீயே வெச்சுக்கோ. ஆனா ஃப்ரிட்ஜ்ல இருக்கிற பெரிய தொட்டியை மட்டும் தொடாதே. சொல்லிட்டேன், தொடாதே!"

"தொடலைடி" என்றாள் அக்கா. அன்றிலிருந்து சின்னத் தொட்டி அவளுடையது. பகலில் சமையலறைத் தரையில் ஈரமணலுக்கு நடுவில் வைத்து மேலே நனைந்த துணியைப் போடுவாள். ராத்திரி தன் ஏசி அறைக்குக் கொண்டுபோய்விடுவாள். தினமும் பகலில் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம். அவள் செய்தது என்னவென்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

மே மாதம் விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன். திருத்தும் அறைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அன்றைக்குப் பார்த்து எங்கள் பகுதியில் மின் பராமரிப்பு, காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் கிடையாது. பேப்பரில் போட்டிருந்ததாம். நான் எங்கே பேப்பர் பார்த்தேன், அவசர அவசரமாக பஸ்ஸைப் பிடித்துப் போனவள்தானே!

திரும்பி வந்தபோது வீட்டு வாசல் திறந்து கிடந்தது. சமையலறைத் தரையில் அக்காவும் எதிர் வீட்டு மாமியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இரண்டு தொட்டிகளும். இருவர் கையிலும் டம்ளரும் டபராவும். காபி ஆற்றுவார்களே, அதே மாதிரி தொட்டித் தண்ணீரை மொண்டு, கையை உயரத் தூக்கி, நீளமாக ஊற்றி ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தார்கள். இருவர் சேலையும் தொப்பலாக நனைந்திருந்தது. தேள், பூரான் என்று பயந்து அதுவரை ஃப்ரிட்ஜ் பக்கமே எட்டிப் பார்க்காத மாமி, பூச்சித் தொட்டிக்குள் தன் வீட்டு எவர்சில்வர் டபராவை விட்டு ஆற்றிக்கொண்டிருந்தார்.

"உனக்குப் போன் பண்ணிப் பண்ணி என் விரலே தேஞ்சுபோச்சு" என்றாள் அக்கா. கை மட்டும் நிற்கவில்லை. "நீ தொடாதேன்னியே. மத்தியானம் வரைக்கும் தொடலை. கண்ணாடி வழியா பாத்துட்டே இருந்தேன். உள்ள காத்து நின்னுபோச்சு. எல்லாம் தண்டால் எடுத்துச்சு. எடுத்துட்டே இருந்துச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா நிறுத்த ஆரம்பிச்சுது. அதுக்கு மேல உன் பேச்சைக் கேக்க முடியலடி. என் ஒத்தைக் கையால தூக்க வரல, மாமியக் கூப்பிட்டேன்."

நான் பையைக்கூட இறக்காமல் தரையில் உட்கார்ந்தேன். பெரிய தொட்டியில் பாதிக்கு மேல் மல்லாந்து கிடந்தன. வெள்ளைச் செவுள் துவண்டு தண்ணீரில் அலைந்தது. மிச்சமும் கல்லை விட்டுவிட்டு அடியில் சோர்ந்து கிடந்தன. பக்கத்திலேயே சின்னத் தொட்டி. அதே சமையலறை, அதே வெக்கை. கூழாங்கல்லைக் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றும் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது. வேகமில்லை. நிதானமாக ஏறி, நிதானமாக இறங்கி. சாகமாட்டேன் போ என்கிற மாதிரி. என் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது. மாமி பயந்துபோய், "ஏன் அழறேள்? அழாதீங்கோ, நான் இன்னும் நன்னா ஆத்தறேன்" என்று இன்னும் வேகமாக ஆற்றத் தொடங்கினார்.

மறுநாள் காலை பெரிய தொட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. சின்னத் தொட்டி அப்படியே உயிரோடு இருந்தது.

நடந்தது இதுதான். சூடு ஏறும்போது உயிரணுவுக்குள் இருக்கும் புரதங்கள் மடிப்புக் குலைந்து கசங்கிப் போகும். அவற்றை நீவி மறுபடி சரியாக மடித்து வைக்கவே தனிப் புரதங்கள் உண்டு. ஆபத்து வந்தால் உடம்பு அவற்றை அவசரமாகத் தயாரிக்கும். குளிர் ஓடைப் பூச்சிகளில் சில, சூடே வராத நாளிலும் இவற்றைக் கொஞ்சம் கையிருப்பில் வைத்திருக்கின்றன என்று படித்தபோது எனக்குப் புல்லரித்தது. சின்னச் சின்னச் சூட்டில் முன்கூட்டியே பழகிய பூச்சியோ இன்னும் ஆயத்தமாக இருக்கும். அக்கா தினமும் மத்தியானம் வெளியே வைத்து வைத்து அந்தப் பழக்கத்தைத்தான் கொடுத்திருக்கிறாள். நான் ஒரு டிகிரி ஏறாமல் பொத்திப் பொத்தி வைத்தவை முதல் அடியிலேயே போய்விட்டன.

ஆனாலும் ஒரு நாள் விபத்தை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. பெரிய தொட்டி மத்தியானம் வரை காற்றில்லாமல் மூடிக் கிடந்தது, அதனாலும் செத்திருக்கலாம். ஜூனில் மலைக்குப் போய் வேறு பூச்சிகள் கொண்டுவரக் கிளம்பினேன். அக்காவையும் கூப்பிட்டேன். "போனா திரும்பி வர மாட்டேன்டி" என்று சிரித்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன். கொண்டுவந்தவற்றில் பாதியைப் பெரிய தொட்டியில் குளிரிலேயே வைத்தேன், பாதியை அக்காவின் சின்னத் தொட்டியில் விட்டு, பகலில் வெளியே, ராத்திரி ஃப்ரிட்ஜில் என்று அவள் வழியில் பழக்கினேன். பிறகு ஒவ்வொன்றாக மெல்லச் சூடேற்றினேன். பழகியவை கூடுதல் சூடு வரைக்கும் கல்லை விடவில்லை. குளிர்ந்த தண்ணீரில் போட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து நடந்தன. அடேயப்பா என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் இதே கதை. கதையின் முடிவில் அக்காவைக் காட்டுவேன். "எங்கக்காவைப் பாருங்க. வந்தப்போ ஏசி இல்லாம அரை நாள் இருக்க முடியாது. இப்ப ஃபேன்லயே தூங்குறாங்க." உண்மைதான். அக்கா ஏசியை நிறுத்திவிட்டாள். சாயங்காலம் காவிரிக் கரை அம்மா மண்டபம் வரைக்கும் நடந்து போய்வந்தாள். எதற்கும் குறை சொல்லவில்லை. மாமிக்கு ஒரே பெருமை. "நான் சொன்னேனோன்னோ, பழகிடும்னு!" எனக்கு மனசு நிறைந்திருந்தது. சாயங்காலம் மணியடித்தால் கதவைத் திறக்க ஆள் இருந்தது.

ஆடியில் காவிரியில் தண்ணீர் வந்தது. சூட்டிலேயே பிறந்து வளர்ந்த நீர்ப்பூச்சிகளையும் பார்த்துவிடலாம் என்று அக்காவோடு முக்கொம்புக்குப் போனேன். பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்கள் ஒரு பக்கம் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் கரையோரம் கல்லைப் புரட்டினேன். கிடைத்த பயல்கள் எல்லாம் பொடிசு. ஆனால் அந்த வெதுவெதுப்பில் என்ன ஆட்டம், என்ன ஓட்டம்! இந்தச் சூடெல்லாம் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. "வாக்கா, காலையாவது நனை" என்று கூப்பிட்டேன். அக்கா குனிந்து ஒரு விரலைத் தண்ணீரில் வைத்தாள். "சுடுதுடி" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டாள். ஓடுகிற காவிரி எங்காவது சுடுமா என்று நான் கேலி செய்தேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தொட்டிகளையும் கழுவினேன். குளிர்த் தொட்டியில் வழக்கம்போல உரித்த சட்டைகள் மிதந்தன. கண்ணாடி போல, கால் நகம் வரை அப்படியே இருக்கும் அழகான சட்டைகள். அக்காவின் தொட்டியில் ஒன்றுகூட இல்லை. யோசித்துப் பார்த்தால் அந்தத் தொட்டியில் நான் சட்டை பொறுக்கியதே இல்லை. போட்ட புழுவும் பாதி அப்படியே கிடந்தது. ஒரு பூச்சியை எடுத்து லென்ஸுக்கு அடியில் வைத்துத் தலையின் அகலத்தை அளந்தேன். இன்னொன்றை அளந்தேன். குளிரில் இருந்தவை வளர்ந்திருந்தன. இவை, வந்த அன்றைக்கு நான் அளந்து குறித்து வைத்த அதே அளவு.

"அக்கா, இங்க வாயேன்!" என்று கத்தினேன். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்த குஷி எனக்கு. அக்கா கூடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை. நானே தொட்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனேன். "இதைப் பாரேன். உயிரோட இருக்கு, நல்லாத்தான் நடக்குது. ஆனா வளரவே இல்லக்கா. சட்டை உரிக்கல, சரியா திங்கல. தாங்குறதுக்கே எல்லா சக்தியும் போயிடுது. வாழறதுக்குன்னு மிச்சம் எதுவும் இல்ல."

"தெரியும்" என்றாள் அக்கா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும் அப்படித்தான் இருக்கு."

அப்போதுதான் அவள் என்ன தைக்கிறாள் என்று பார்த்தேன். ரவிக்கையின் இரண்டு பக்கமும் பிடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏற்கெனவே சின்னதாக்கிய ரவிக்கைகள் ஒரு அடுக்கு மடித்து இருந்தன. தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. தினமும் ஒரே வீட்டில் இருக்கிறேன், இது என் கண்ணில் படவில்லை. லென்ஸ் வைத்துப் பூச்சித் தலையை அளந்துகொண்டிருந்திருக்கிறேன்.

எனக்கு முதலில் வந்தது கோபம். "ஏன்க்கா இதை முன்னாடியே சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"நீ எல்லார்கிட்டயும் அவ்வளவு பெருமையா சொல்லிட்டு இருந்தியேடி. எங்கக்கா பழகிட்டா, பழகிட்டான்னு. நானும் பழகிடலாம்னுதான் பாத்தேன்."

அந்த வார்த்தை என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. அக்கா ஏசியை நிறுத்தியது, நடக்கப் போனது, குறை சொல்லாதது எல்லாம் எனக்காக. நான் தனியாக இருக்கக்கூடாதே என்பதற்காக. சண்டையே போடாமல் இருந்தாளே, அதைப் பொறுமை என்று மெச்சிக்கொண்டிருந்தேன். சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் இருந்திருக்கிறாள்.

அப்படியும் உடனே சரி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. விழுந்தா என்ன பண்ணுவ, யார் தூக்குவாங்க, வயசு என்ன குறையுதா என்று இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். அக்கா ஒரே பதில்தான் சொன்னாள்: "விழுந்துட்டா பால்காரர் வர வரைக்கும் கிடப்பேன். இங்க உக்காந்த இடத்துலயே கிடக்கிறேனே, அது பரவாயில்லையா?" அழுகையும் ஆத்திரமுமாகச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனேன். கொஞ்ச நேரம் கழித்து நானே மலைக்குப் போன் செய்தேன். அவளோடு வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி, தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே படி இல்லாத ஒரு வீடு இருக்கிறது, தினமும் காலையில் கதவைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அதற்கும் பின்னால் அதே ஓடைதான்.

கிளம்பும்போது அக்கா தன் தொட்டிப் பூச்சிகளையும் விடவில்லை. "இதுங்க மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். அதே ஓடைப் பூச்சிகள்தானே, ஒரு பாட்டிலில் விட்டு ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டோம்.

போய்ச் சேர்ந்த சாயங்காலமே ஓடைக்குப் போனோம். பாட்டிலை ஓடைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து ஆறவிட்டு, அக்கா அதை மெல்லச் சாய்த்தாள். கல்பூச்சிகள் மணலில் இறங்கின. ஒரு கணம் அசையாமல் நின்றன. ஐயோ, போய்விட்டனவோ என்று குனிந்து பார்த்தேன். அடுத்த கணம் ஒன்று ஓட்டத்துக்கு எதிராக விறுவிறுவென்று நடந்து ஒரு கல்லுக்கு அடியில் புகுந்தது. அதன் பின்னால் மற்றவை. கண்மூடித் திறப்பதற்குள் ஒன்றையும் காணோம். இத்தனை மாதம் என் வீட்டு வெக்கையில் தம் கட்டிக்கொண்டு கிடந்த உயிர்கள்! அந்த இடத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அக்கா சிரித்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அக்கா இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள். நான் இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கினேன். பின்கதவைச் சரியாகச் சாத்தாமல் உள்ளே வந்துவிட்டேன் என்று அக்கா ஒரு பாட்டம் திட்டினாள். கல்லூரியில் பாடம் எடுக்கிறாளாம், கதவு சாத்தத் தெரியலையாம், இவளெல்லாம் பிள்ளைகளுக்கு என்னத்தைச் சொல்லிக்கொடுப்பாள் என்று குரலை உயர்த்தித் திட்டினாள். எவ்வளவு மாதத்துக்கு அப்புறம் அந்தக் குரல்! வாயை மூடிக்கொண்டு கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் திட்டமாட்டாளா என்றிருந்தது.

மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட வந்தாள். "போய்ச் சேந்ததும் போன் பண்ணு" என்று மட்டும் சொன்னாள். பஸ் வளைந்து வளைந்து இறங்கியது. வத்தலக்குண்டு வந்ததும் ஜன்னல் வழியாக அனல் முகத்தில் அடித்தது. ஸ்வெட்டரைக் கழற்றினேன். உடம்பு வேர்க்கத் தொடங்கியதும் நடுக்கம் நின்று கை கால் என் சொல்பேச்சுக் கேட்டது. ஆனால் கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, நிறுத்த முடியவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "வெயில் ஒத்துக்கலைங்களா?"

"இல்லைங்க, வெயில் என்னை ஒண்ணும் பண்ணாது."

"அப்புறம் ஏங்க அழறீங்க? எங்க போறீங்க?"

"வீட்டுக்குத்தாங்க போறேன்" என்றேன்.